மட்டக்களப்பு – ரொறன்ரோ: எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம்?

#1 களுவாஞ்சி_மருதம்

அம்மாவை ஜூலையில ரொறன்ரோவுக்கு அனுப்ப டிக்கட் பார்க்கிறம். மூண்டு இடத்தில மூண்டு கணக்கு வருது. தூரம் காட்டுற ஒரு தளத்தில 14,000 கி.மீ, 15 மணி 50 நிமிசம். டிக்கட்டில கட்டுநாயக்க (கொழும்பு விமான நிலையம்) 04:00, டோஹா 06:20. பிறகு டோஹா 08:15, ரொறன்ரோ 15:00. எல்லாம் ஒரே திகதி, பார்த்தா 11 மணித்தியாலம் போலக் கிடக்கு. ஏஜென்சிக்காரர் இருபதரை எண்டுறார். எதை நம்புறது? வீட்டில இருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிடணும்?

#2 கல்லடி_வாவி

மருதம், மூண்டும் பிழையில்ல. ஆனா மூண்டும் ஒரே கேள்விக்கான பதில் இல்ல.

தளம் சொல்லுற 15:50 வெறும் வகுத்தல் கணக்கு. 14,000 கிலோமீற்றரை மணிக்கு 885 கி.மீ வேகத்தால பிரிச்சா அதுதான் வரும். கட்டுநாயக்கவில இருந்து ரொறன்ரோவுக்கு அப்பிடி இடைநிறுத்தமில்லாம ஒரு பிளைட் ஓடுறதே இல்ல. அந்த எண்ணை விட்டுடுங்க.

டிக்கட்டில இருக்கிறது அந்தந்த ஊர் மணிக்கூடு. இலங்கை உலகப் பொது நேரத்தை விட 5½ மணி முன்னுக்கு, டோஹா 3 மணி முன்னுக்கு, ரொறன்ரோ கோடையில 4 மணி பின்னுக்கு. மேற்குப் பக்கம் போகேக்க ஊர் நேர வித்தியாசத்தைக் கூட்டணும்.

கட்டுநாயக்க – டோஹா: மணிக்கூட்டில 2:20, அதோட 2:30 கூட்ட 4:50.
டோஹாவில காத்திருப்பு 1:55.
டோஹா – ரொறன்ரோ: மணிக்கூட்டில 6:45, அதோட 7 மணி கூட்ட 13:45.

மொத்தம் 20:30. ஏஜென்சிக்காரர் சொன்னதுதான் அம்மா உண்மையில கழிக்கிற நேரம். அதுக்கு மேல களுவாஞ்சிகுடியில இருந்து கட்டுநாயக்க வரைக்கும் உள்ள றோட்டு, விமான நிலையத்துக்குள்ள மூண்டு மணித்தியாலம், அங்கால இறங்கினாப் பிறகு குடிவரவும் பெட்டியும் ஒண்டரை மணி. வாசலில இருந்து வாசலுக்கு 34, 35 மணித்தியாலம் எண்டு மனசில வைச்சா ஏமாற்றம் இல்ல.

#3 கிரான்_தம்பி

நேரடி பிளைட் ஏன் இல்ல அண்ணன்? சிங்கப்பூர் – நியூயோர்க் இதை விடத் தூரமாச்சே.

#4 கல்லடி_வாவி

தூரம்தான், 15,300 கி.மீட்டருக்கு மேல. அதுக்கு எண்டே எரிபொருள் கொள்ளளவு கூட்டி, ஆசனம் குறைச்சுச் செய்த ஏ350 விமானம் ஓடுது. ஸ்ரீலங்கன் வைச்சிருக்கிற ஏ330-300 முழுப் பாரத்தோட 14,000 போகாது. போகக்கூடிய விமானம் வாங்கினாலும், ஒவ்வொரு நாளும் அதை நிரப்ப ஆள் வேணும். முன் வகுப்பு ஆசனத்துக்குக் காசு குடுக்கிற ஆக்கள் இல்லாத வழியில அவ்வளவு நீளப் பறப்பு கட்டாது.

#5 வந்தாறுமூலை_கணிதம்

தூரத்தைத் தளங்களை நம்பாமல் நீங்களே கணக்கிடலாம். சயன்டிபிக் கல்குலேட்டர் போதும், கோண அலகைப் பாகையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோசைன் தூ = சைன் அ1 × சைன் அ2 + கோசைன் அ1 × கோசைன் அ2 × கோசைன் நெ

தூ என்பது இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரம், பாகையில். அ1, அ2 இரண்டு இடங்களின் அகலாங்கு. நெ நெடுங்கோட்டு வித்தியாசம். கட்டுநாயக்க வடக்கு 7.18, கிழக்கு 79.88. ரொறன்ரோ பியர்சன் வடக்கு 43.68, மேற்கு 79.63. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் இங்கே கூட்ட வேண்டும்: 159.51. இந்த இடத்தில் கழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் கனடா ஏதோ கசகஸ்தான் பக்கம் போய் நிற்கும்.

முதல் பகுதி 0.0863, இரண்டாம் பகுதி −0.6721, கூட்டுத்தொகை −0.5858. அதன் நேர்மாறு கோசைன் 125.86 பாகை. ஒரு பாகை 111.2 கி.மீ. விடை 13,995. பூமி சரியான கோளமல்ல என்பதால் சில பத்துக் கிலோமீற்றர் முன்பின்னாகும். பயணத்துக்கு அது ஒரு பொருட்டல்ல.

இப்போது மட்டக்களப்பு விமான ஓடுபாதையில் இருந்து (வடக்கு 7.71, கிழக்கு 81.68) அதே கணக்கைப் போடுங்கள். 14,000 வருகிறது. நேர்கோட்டில் 200 கி.மீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளி இருக்கிறோம், ஆனாலும் வித்தியாசம் ஐந்து கிலோமீற்றர்! காரணம் இதுதான்: ரொறன்ரோவுக்கான மிகக் குறுகிய பாதை மேற்கே போவதில்லை. கட்டுநாயக்கவில் இருந்து வடக்கில் இருந்து 18 பாகை மட்டும் மேற்கே சாய்ந்து கிளம்புகிறது. மத்திய இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யாவின் அர்க்காங்கெல்ஸ்க் பக்கம், பின்லாந்தின் வடபகுதி, அங்கிருந்து ஏறக்குறைய 72 பாகை வடக்கு வரை ஏறி, கிறீன்லாந்தைக் கடந்து கியூபெக் வழியாக இறங்குகிறது. சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் அளவுகோல் வைத்தால் இது தெரியாது. நாம் கொஞ்சம் கிழக்கே இருப்பதை, கொஞ்சம் வடக்கே இருப்பது சரிக்கட்டிவிடுகிறது.

#6 கிரான்_தம்பி

அப்ப டோஹா வழியாப் போனா எவ்வளவு சுத்து?

#7 வந்தாறுமூலை_கணிதம்

கட்டுநாயக்க – டோஹா சுமார் 3,610. டோஹா – ரொறன்ரோ சுமார் 10,880. மொத்தம் 14,490. நேர்கோட்டை விட 500 கி.மீ கூட, அதாவது நாலு வீதம்கூட இல்லை. லண்டன் வழியாகப் போனால் 8,710 உம் 5,700 உம் சேர்ந்து 14,410. எனவே "சுற்று வழி" என்று பயந்து டிக்கட் தெரிவு செய்ய வேண்டாம். பறக்கும் தூரம் எல்லா வழியிலும் ஏறக்குறைய ஒன்றே. மொத்த நேரத்தை நீட்டுவதும் குறைப்பதும் காத்திருப்புத்தான்.

#8 கல்லடி_வாவி

தூரத்தை நேரமாக்கிற முறையையும் எழுதி வைக்கிறன், பிறகு ஆரும் லண்டன், சூரிச், மெல்பேர்ண் எண்டு கேட்டா உதவும்.

முதல்ல நேர்கோட்டுத் தூரத்தோட 5 வீதம் கூட்டுங்க. விமானம் விதிச்ச வான்பாதையில, இறங்கேற வரிசையில, யுத்த வலயம் விலக்கி வளைஞ்சுதான் போகும். பிறகு வேகம். பெரிய ஜெட் காற்றில்லாத வானத்தில மணிக்கு 900 கி.மீ போகும். ஆனா 9 முதல் 12 கி.மீ உயரத்தில மேற்கில இருந்து கிழக்குக்கு ஜெட் காற்று ஓடுது. குளிர்காலத்தில வட இந்தியா, வளைகுடா, மத்தியதரைக் கடல் மேல அது நல்லாப் பலக்கும். நீண்ட பாதையில சராசரி 50 கி.மீ எதிர்க்காற்று எண்டு வைங்க: போகேக்க 850, வரேக்க 950. கடைசியா ஏற்றம், இறக்கம், ஓடுபாதைக்கு உருளுறது எல்லாத்துக்கும் அரை மணி.

டோஹா – ரொறன்ரோ: 10,880 ஐ 1.05 ஆல பெருக்கினா 11,420. 850 ஆல பிரிச்சா 13.4 மணி, அதோட அரை மணி. 14 மணிக்குக் கொஞ்சம் குறைவு. மருதத்தின்ட டிக்கட்டில 13:45, பொருந்துது. திரும்பி வரேக்க 950 ஆல பிரிச்சு அரை மணி கூட்ட 12½. ஒரே பாதை, கிட்டத்தட்ட ஒண்டரை மணி வித்தியாசம்.

கட்டுநாயக்க – லண்டன் நேரடி: 8,710 கி.மீ, போக 11 மணிக்கு மேல, வர பத்தரைக்குள்ள. சூரிச் 8,020, பரிஸ் 8,480. ரெண்டும் இதே முறை. மெல்பேர்ண் 8,360, அங்க தலைகீழ்: போகேக்கதான் காற்று தள்ளும்.

டிக்கட்டில போடுற நேரம் "கட்டை எடுத்ததில இருந்து கட்டை வைக்கிற வரைக்கும்", அதாவது சக்கரத்துக் கட்டையை எடுத்து நகர்ந்ததில இருந்து அங்க போய் நிக்கிற வரை. வானத்தில இருக்கிற நேரம் அதை விட 20, 30 நிமிசம் குறைவு. அதாலதான் பைலட் சொல்லுற நேரமும் டிக்கட் நேரமும் ஒத்துப்போறதில்ல. பிந்திக் கிளம்பினாலும் சில வேளை நேரத்துக்குப் போய்ச் சேருறதும் இதாலதான். கம்பனிக்காரர் அட்டவணையிலயே கொஞ்சம் இளக்கம் வைச்சிருப்பினம்.

#9 சித்தாண்டி_முருகு

பாகிஸ்தான் வான்வெளி மூடினதால இப்ப எல்லாம் ரெண்டு மணி கூட எண்டு கேள்வி. சேர்க்கணும் இல்லையா?

#10 கல்லடி_வாவி

நம்மட ஆக்களுக்குச் சேர்க்கத் தேவையில்ல. 2025 ஏப்ரலில பாகிஸ்தான் மூடினது இந்திய விமானங்களுக்கு, இந்தியா மூடினது பாகிஸ்தான் விமானங்களுக்கு. ஸ்ரீலங்கனுக்கோ வளைகுடாக் கம்பனிகளுக்கோ அந்தத் தடை இல்ல. டெல்லி, மும்பை மாறி எயார் இந்தியாவில போறவைக்குத்தான் அந்தச் சுத்து. ரஷ்யாவும் அப்பிடித்தான், 2022 பெப்ரவரியில இருந்து ஐரோப்பிய, பிரித்தானிய, கனேடியக் கம்பனிகளுக்குப் பூட்டு. நாட்டைப் பார்க்காதீங்க, எந்தக் கம்பனி விமானம் எண்டு பாருங்க.

வளைகுடாவில சண்டை எண்டா வேற கதை. 2025 ஜூன் 23 இரவு கட்டார் சில மணித்தியாலம் வான்வெளியை மூடினது, அதில தொடர் பிளைட்டுகள் எல்லாம் குழம்பிச்சு. ஒரே டிக்கட்டில போறவைக்குக் கம்பனி மாற்று இடம் தந்தாக வேணும். தனித்தனியா ரெண்டு டிக்கட் எடுத்தவையின்ட ரெண்டாவது டிக்கட் வெறும் காகிதம்.

#11 ஏறாவூர்_வான்

எல்லாரும் ஆகாயத்தில நிக்கிறீங்க. பிளைட்டைத் தவறவிடுற ஆக்கள் தவறவிடுறது ஹபரணையில.

மட்டக்களப்பு – கட்டுநாயக்க றோட்டால கிட்டத்தட்ட 300 கி.மீ. ஓட்டமாவடி, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். குருநாகலில இருந்து கொழும்புப் பக்கம் இறங்காம நாரம்மல, கிரியுல்ல, திவுலப்பிட்டிய, மினுவாங்கொடை வழியா வெட்டினா நேரா எயார்போட். நிப்பாட்டாம ஓடினா ஆறரை மணி. தேத்தண்ணி, சாப்பாடு, வயசான ஆக்களுக்கு ரெண்டு தரம் இறக்கம் எண்டா ஏழரை. களுவாஞ்சிகுடிக்கு முக்கால் மணி கூட்டுங்க.

04:00 பிளைட்டுக்கு 01:00 மணிக்கு வாசலில நிக்கணும், கவுண்டர் பொதுவா ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே பூட்டிடுவாங்க. அதுக்காகக் கணக்குப் பார்த்து பின்னேரம் அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டா வெலிக்கந்தை – மின்னேரியா – ஹபரணை துண்டு முழுக்க இருட்டு. யானை றோட்டில ஏறுற நேரமே அதுதான். ஒரு கூட்டம் கடக்கிற வரைக்கும் லைற்றைக் குறைச்சு, ஹோர்ன் அடிக்காம, தள்ளி நிக்கணும். அரை மணி போனாலும் ஒண்டும் செய்யேலாது. அதனால களுவாஞ்சிகுடியில ரெண்டு மணிக்கே ஏறுங்க. ஆறு மணிக்கு முன்ன ஹபரணை தாண்டலாம். பத்து மணிக்குக் கட்டுநாயக்க. மூண்டு மணித்தியாலம் கதிரையில இருக்கிறது நட்டம் இல்ல.

நவம்பர் முதல் ஜனவரி வரைக்கும் இன்னும் கவனம். மழை பிடிச்சா மன்னம்பிட்டி – வெலிக்கந்தைப் பக்கம் தண்ணி றோட்டை மூடும். அந்த மாசங்களில டிக்கட் எடுத்தா, முதல் நாளே நீர்கொழும்பு பக்கம் போய்த் தங்குறதுதான் புத்தி. ஒரு இரவு அறை வாடகை, தவறின டிக்கட்டுக்கு முன்னால தூசு.

#12 தேத்தாத்தீவு_சின்னவன்

றெயில் மலிவுதானே? உதயதேவி?

#13 ஏறாவூர்_வான்

மலிவு, ஓம். கொழும்புக் கோட்டை வரைக்கும் எட்டு, ஒன்பது மணி. அங்க இருந்து 187 பஸ் அதிவேகப் பாதையால எயார்போட் பக்கம் போகும். ரெண்டு பெரிய பெட்டியும் அம்மாவும் எண்டா கோட்டை ஸ்டேசனில படி ஏறி இறங்குறது பெரிய பாடு. அதை விடப் பெரிய விசயம் நேரம். ஒற்றைப் பாதை, ஒரு இடத்தில மறிபட்டா மாற்று வழி இல்ல. 2025 பெப்ரவரியில கல்ஓயா பக்கம் மீனகயா றெயில் யானைக் கூட்டத்தில மோதித் தடம்புரண்டது தெரியும்தானே. றெயிலில போறதெண்டா முதல் நாள் போங்க. அண்டைக்கே பிளைட் எண்டா வேணாம்.

#14 கிரான்_தம்பி

நம்மட மட்டக்களப்பு எயார்போட்டில இருந்தே ஒரு சின்னப் பிளைட்டில கட்டுநாயக்க போகேலாதா? பேரில சர்வதேசம் எண்டு இருக்கே.

#15 கல்லடி_வாவி

பேர் வேற, ஓடுபாதை வேற. நம்மட ஓடுபாதை 1,500 மீற்றர் அளவு. கட்டுநாயக்க 3,350. செஸ்னா கரவன் போல ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு இது தாராளம்; நேர்கோட்டில 205 கி.மீ, முக்கால் மணியில போயிடும். ஆனா அந்த வகை விமானத்தில பத்துப் பேருக்கு உள்ளதான் இடம், ஆளையும் பெட்டியையும் சேர்த்து நிறுத்துத்தான் ஏத்துவாங்க. கனடாவுக்கு 23 கிலோ ரெண்டு பெட்டி கட்டின ஆளுக்கு அது சரிவராது. நீண்ட தூர ஏ330 எரிபொருள் நிரப்பி ஏற 2,500 மீற்றருக்கு மேல வேணும். வாவி ஓரத்தில அவ்வளவு நீட்ட இடமும் லேசில கிடைக்காது.

#16 காத்தான்குடி_கடற்கரை

மருதம், இன்னொரு விசயம் பாருங்க. 04:00 எண்டா பரவாயில்ல, ஆக்களுக்கு விளங்கும். 00:40, 01:15 எண்டு டிக்கட் வந்தாத்தான் பொறி. "25ஆம் திகதி 00:40" எண்டா 24ஆம் திகதி இரவு எயார்போட்டில நிக்கணும். 25ஆம் திகதி இரவு சாப்பிட்டுப் போட்டு வெளிக்கிட்டா விமானம் போய் ஒரு நாள். உங்கட 04:00க்கும் அதேதான்: டிக்கட்டில இருக்கிற திகதிக்கு முதல் நாள் பகல் ரெண்டு மணிக்கு வான். திகதியைக் கலண்டரில வட்டம் போடாம, வான் வாற நாளை வட்டம் போடுங்க.

டோஹாவில 1:55 காணும், ரெண்டு துண்டும் ஒரே பதிவு இலக்கத்தில இருந்தா. பெட்டி நேரா ரொறன்ரோவுக்கு டேக் அடிப்பாங்க. கவுண்டரில அந்தத் துண்டைப் பார்த்து கடைசி ஊர் ரொறன்ரோ எண்டு இருக்கா எண்டு பாருங்க. தனித்தனி டிக்கட் எண்டா அங்க பெட்டியை எடுத்து வெளிய வந்து திரும்ப உள்ள போகணும், அதுக்கு அந்த நாட்டுக்குள்ள போக அனுமதி வேணும், நேரமும் காணாது.

#17 கிரான்_தம்பி

காக்கா, லண்டன் வழியா எண்டா விசா வேணுமா?

#18 காத்தான்குடி_கடற்கரை

இலங்கைப் பாஸ்போட்டுக்கு லண்டனிலயும் ஐரோப்பிய செங்கன் நாடுகளிலயும் உள்ளுக்குள்ளேயே மாறினாலும் டிரான்சிட் விசா விதி இருக்கு தம்பி. செல்லுபடியான கனடா விசா கையில இருந்தா பொதுவா விலக்கு. ஆனா டிக்கட் எடுக்க முன்னம் அந்தந்த நாட்டு அரச இணையத்தளத்தில பார்த்துக்கொள்ளுங்க, கவுண்டரில நிண்டு வாதாடிப் பிரயோசனம் இல்ல. டோஹா, துபாய், அபுதாபி எண்டா உள்ளுக்குள்ள மாற ஒண்டும் தேவையில்ல.

மற்றது, அம்மாவுக்குச் சக்கர நாற்காலி டிக்கட் எடுக்கேக்கயே கேளுங்க. காசு இல்ல. நடக்கக்கூடிய ஆளெண்டாலும் கேளுங்க; பெரிய விமான நிலையத்தில ஒரு வாசலில இருந்து மற்ற வாசலுக்கு வழி தெரியாம அலையத் தேவையில்ல, கொண்டுபோறவரே வாசல் இலக்கம் பார்த்து விடுவார்.

#19 பொத்துவில்_கிழக்கு

அம்பாறைப் பக்கத்துக்கு ஆரும் எழுதேல்ல. கல்முனை, அக்கரைப்பற்று ஆக்கள் மகியங்கனை – கண்டி வழி கிட்ட எண்டு ஏறுவாங்க. படத்தில கிட்டத்தான். ஹசலக்கவுக்கும் ஹுன்னஸ்கிரியாவுக்கும் இடையில பதினெட்டு வளைவு இருக்கு; இரவில பனிமூட்டம், வானில பின் கதிரையில இருக்கிற ஆள் சத்தி எடுத்தே களைச்சுப் போகும். பிறகு கண்டி ஊருக்குள்ள வாகன நெரிசல். கல்முனையில இருந்து மட்டக்களப்புக்கு 40 கி.மீ மேல வந்து பொலன்னறுவை வழி பிடிக்கிறது நல்லம்.

பொத்துவில், திருக்கோவில் ஆக்களுக்கு வேற வழி இருக்கு: மொனராகலை, வெல்லவாய, தணமல்வில, அங்கால தெற்கு அதிவேகப் பாதை. 2020 இல அம்பாந்தோட்டை வரைக்கும் திறந்தாப் பிறகு, கடவத்தை, கெரவலப்பிட்டிய வழியா கட்டுநாயக்க அதிவேகப் பாதையோடயே சேரலாம், கொழும்புக்குள்ள இறங்கத் தேவையில்ல. கிலோமீற்றர் கூட, நேரம் கூடாது. வெல்லவாய – தணமல்வில பக்கமும் இரவில யானைதான், பகலில கடந்திடுங்க.

#20 களுவாஞ்சி_மருதம்

எல்லாருக்கும் நன்றி. வான் முதல் நாள் ரெண்டு மணிக்குச் சொல்லியாச்சு, நாற்காலியும் கேட்டாச்சு. திரும்பி வாறது நவம்பர் 10. ரொறன்ரோ 20:00, டோஹா 16:30. டோஹா 19:00, கட்டுநாயக்க 02:10. இதுக்கும் இலங்கை – ரொறன்ரோ நேர வித்தியாசம் 9½ தானா?

#21 கல்லடி_வாவி

இல்ல, அங்க நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிடுவாங்க. 10ஆம் திகதிக்கு வித்தியாசம் 10½. டோஹாவோட 8 மணி. கிழக்க வரேக்க கழிக்கணும்: 20:00 இல இருந்து அடுத்த நாள் 16:30 வரைக்கும் 20½, அதில 8 கழிக்க 12:30. டோஹாவில 2:30. கடைசித் துண்டு மணிக்கூட்டில 7:10, அதில 2:30 கழிக்க 4:40. கூட்டினா 19:40.

மணிக்கூட்டை விட இங்க திகதிதான் முக்கியம். 10ஆம் திகதி இரவு ஏறுறா, டோஹா 11ஆம் திகதி, கட்டுநாயக்க 12ஆம் திகதி 02:10. டிக்கட்டில சின்ன எழுத்தில +2 எண்டு இருக்கும், பாருங்க.

#22 ஏறாவூர்_வான்

அப்ப வான் 11ஆம் திகதி பின்னேரம் இங்க இருந்து போகணும். 02:10க்கு இறங்கினா வெளிய வர மூண்டேகால். அங்க இருந்து நேரா ஓடினா ஹபரணைக்கு வரேக்க ஆறரை, வெளிச்சம் வந்திடும். றைவர் போன உடனே எயார்போட் பக்கத்தில நிப்பாட்டி நித்திரை கொள்ளட்டும், அதை முதலே பேசிக்கொள்ளுங்க. மழைக்காலம், 11ஆம் திகதி காலையில மன்னம்பிட்டியில தண்ணி எப்பிடி எண்டு கேட்டுப்போட்டு அனுப்புங்க.